மகள் அறைக் கதவுக்கு ஓர் ஆர்பர்

என்னிடம் திட்டு வாங்காமல் ஹோல்சா வாங்கிப்போன ஆள் தூத்துக்குடியில் குறைவு. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் டூல்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆள் வந்து நிற்பான். "அண்ணாச்சி, ஓட்டை போடுத சாமான் ஒன்னு குடுங்க" என்பான். எதில் ஓட்டை, எவ்வளவு அகலம், கையில் இருப்பது எந்த மெஷின், ஒன்றும் சொல்ல மாட்டான். மருந்துக்கடையில் போய் "ஒரு மாத்திரை குடுங்க" என்று நிற்பானா? அங்கே தலைவலியா வயிற்றுவலியா என்று சொல்லத் தெரிகிறது. என் கடை வாசலில் ஏறியதும் வாய் கட்டிப்போகிறது.

ஹோல்சா என்றால் விளிம்பில் ரம்பப்பல் வைத்த இரும்புக் கிண்ணம், அவ்வளவுதான். கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதன் அடியில் திருகி, மறுமுனையை ட்ரில் மெஷினில் பூட்டுவதற்கு ஒரு தண்டு வேண்டும். அந்தத் தண்டுதான் ஆர்பர். ஆர்பரின் நடுவிலிருந்து, கிண்ணத்துப் பல்லைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய ட்ரில் பிட்டுக்குப் பைலட் என்று பெயர். மரத்தை முதலில் தொடுவது அதுதான். அது துளைத்து உள்ளே போய் நின்ற பிறகு, அதைப் பிடித்துக்கொண்டு கிண்ணம் சுற்றும். வருகிறவர்கள் எல்லோரும் கிண்ணத்தைத்தான் வாங்கித் தடவிப் பார்ப்பார்கள், பல்லைச் சுண்டிப் பார்ப்பார்கள். ஆர்பரையும் பைலட்டையும் கறிவேப்பிலை மாதிரி ஓசியில் கேட்பார்கள். எனக்கு அங்கேதான் ஏறும்.

ஆலந்தலையிலிருந்து ஒருவர் வந்து கிண்ணத்தை மட்டும் வாங்கிப்போனார். ஃபைபர் படகில் தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டுமாம். ஆர்பரும் பைலட்டும் தன்னிடம் இருக்கின்றன என்றார். இருந்தது மொட்டைப் பைலட். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கிண்ணத்தை வைத்து அழுத்தியிருக்கிறார். கிண்ணம் படகு மேல் ஓடி விளையாடிவிட்டது. மறுநாள் வந்து போனில் படம் காட்டினார். வெள்ளைப் படகு முழுக்க பிறை பிறையாகக் கீறல். "உங்க கிண்ணம் சரியில்ல அண்ணாச்சி" என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் நல்ல பைலட் ஒன்றை எடுத்து, ஆர்பரில் பூட்டி, அதை இறுக்கிப் பிடிக்கிற ஆணித் திருகை முடுக்கி, எப்படி வைக்க வேண்டும் என்று காட்டித்தான் அனுப்பினேன். கோபம் வேறு, தொழில் வேறு.

இப்படி ஊருக்கெல்லாம் ஓட்டை போடச் சொல்லிக்கொடுக்கிற என் வீட்டில் எந்த அறைக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. எங்கள் பக்கத்தில் அதைக் கொண்டி என்போம். அப்பா சாத்தான்குளத்திலிருந்து வியாபாரத்துக்காகத் தூத்துக்குடி வந்து கட்டிய வீடு. வாசல், புறவாசல், குளியலறை, இந்த மூன்றுக்கும்தான் கொண்டி. மற்ற அறைகளுக்கு வேண்டாமா என்று ஆசாரி கேட்டபோது, "வீட்டுக்குள்ள யாருக்குலே பயந்து கொண்டி போடணும்?" என்று அப்பா கேட்டாராம். கதவு சாத்தியிருந்தால் தள்ளித் திறப்போம். அது எங்கள் வீட்டுப் பழக்கம். என் மனைவி நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் உடை மாற்றுவதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அவளும் நாற்காலியை விட்டுவிட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் கட்டிக்கொடுத்தோம். நல்ல வேலை, நல்ல குடும்பம், சர்ச்சுக்குத் தவறாமல் போகிற பையன் என்று சொன்னார்கள். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில் ரயிலிலிருந்து ஒரு பெட்டியோடு இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். "இனிமே அங்க போகலப்பா" என்றாள். என்ன நடந்தது என்று கேட்டோம். "பிறகு சொல்லுதேன்" என்றாள். அடித்தானா என்று என் மனைவி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாளாம். குடிப்பானா? இல்லை. வேறு பெண்ணா? அதுவும் இல்லை. பிறகு சொல்கிறேன் என்றவள் சொல்லவே இல்லை.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள். ஆனால் உறக்கம் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது. காலையில் எழுந்து வரும்போது இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் மாதிரி வருவாள். டாக்டர் கொடுத்த மாத்திரையும் எடுபடவில்லை.

எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. சாத்தான்குளம் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் இப்படித்தான் திரும்பி வந்தாள். ஒரு மத்தியானம் அறைக்குள் போய்க் கதவை அடைத்தாள். உடைத்துத்தான் திறந்தார்கள். அன்று அந்த வீட்டு முற்றத்தில் நானும் நின்றேன். அந்தத் தகப்பன் கதவை உடைத்த கடப்பாரையைக் கையை விட்டுக் கீழே போடாமல் வெகுநேரம் நின்றார். யாரும் வாங்கப் போகவில்லை. அதை நான் வீட்டில் பேசியதில்லை. என் மனைவிக்கும் அந்த விஷயம் தெரியும். அவளும் பேசியதில்லை. இருவரும் செய்த காரியம் ஒன்றுதான். இரவில் எழுந்தால் மகள் அறைக் கதவை விரலளவு தள்ளி எட்டிப் பார்ப்போம். அவள் கண்ணை மூடிக் கிடப்பாள். மூச்சு வருகிறது, உறங்குகிறாள் என்று நினைத்து வந்து படுப்பேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவி எழுந்து போவாள். ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மகள் கேட்டாள். "அப்பா, என் ரூமுக்கு ஒரு கொண்டி போட்டுத் தாங்க."

"நம்ம வீட்டுல எதுக்கும்மா கொண்டி?" என்றேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி நான் ஏதோ சொல்லித் தட்டினேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் குரல் கெஞ்சியது. என் மகள் எதற்கும் கெஞ்சுகிற பிள்ளை அல்ல. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் வேண்டும் என்று கேட்டபோதுகூட, வாங்கித் தாருங்கள் இல்லையென்றால் நடந்து போகிறேன் என்று கணக்காகச் சொன்னவள்.

என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "கொண்டி போட்டா வெளிய இருந்து தொறக்க முடியாதுங்க. உருண்டைக் கைப்பிடி வச்ச பூட்டு இருக்குல்லா, உள்ள பொத்தான அமுக்குனா பூட்டும், வெளிய சாவி போட்டுத் தொறக்கலாம். அதப் போடுவோம். அவளுக்கும் பூட்டுன மாதிரி இருக்கும். ஒரு சாவி உங்க பையில கிடக்கட்டும்." மகளிடம் உருண்டைப் பூட்டு என்று மட்டும் சொன்னோம். சரி என்றாள். சாவியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை.

பூட்டு வந்து மேஜை மேல் உட்கார்ந்தது. கதவில் ஐம்பத்துநாலு மில்லிமீட்டர் ஓட்டை போட வேண்டும். ஹோல்சா கடையில் கிடந்தது. "இதுக்கு ஏத்த ஆர்பர் இல்ல, ஆர்டர் போட்டிருக்கேன்" என்றேன். அடுத்த வாரம், "ஆர்பர் வந்துட்டு, நம்ம வீட்டு மெஷின்ல ஏறல" என்றேன். என் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, "மீன்காரி வீட்டுல மீன் இல்லையாம்" என்றாள்.

ஒரு நாள் மத்தியானம். கடையில் கப்பல் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர் ஒருவர் நின்றார். உப்பளத்துப் பம்புக்கு வால்வு கேட்டு இன்னொருவர். அவர்களுக்குப் பின்னால் யாரோ குடையை மடக்கிக்கொண்டு படியேறினார்கள். நான் நிமிரவில்லை. முறை வந்ததும் அந்தக் குரல் கேட்டது. "அண்ணாச்சி, ஹோல்சா ஆர்பர் ஒன்னு வேணும்."

என் மகள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, வாடிக்கைக்காரி மாதிரி நிற்கிறாள். திரும்பி வந்ததிலிருந்து அவள் செய்த முதல் வேடிக்கை அது. சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஃபிட்டர் வேறு, "பாரு, பொம்பளப் பிள்ள பேரு சொல்லி சரியாக் கேக்குது" என்று எடுத்துக் கொடுத்தார்.

"என்ன சைஸ் கிண்ணம்?" என்றேன்.

"அம்பத்துநாலு."

அவ்வளவுதான், எனக்குள் இருந்த கடைக்காரன் கிளம்பிவிட்டான். கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது என்று எல்லாவற்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருப்பேன். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கவுண்டரில் வைத்தேன். "இந்தா, இது சின்ன ஆர்பர். முப்பது மில்லி வரைக்கும்தான் இது. மரை மெல்லிசு, பெரிய கிண்ணத்த இது தாங்காது. இது பெரிசு. பாரு, ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி பின்னு நிக்கி. கிண்ணத்த முழுசாத் திருகி ஏத்திட்டு, பிறகு கொஞ்சம் பின்னால திருப்பணும். அப்பதான் இந்தப் பின்னு ரெண்டும் கிண்ணத்து ஓட்டையில வந்து விழும். சுத்துத வேகத்தத் தாங்குதது பின்னுதான், மரை இல்ல. பின்னு விழாம ஓட்டுனா, கிண்ணம் மரையில இறுகிப் பிடிச்சுக்கும். பிறகு ரெஞ்சு போட்டாலும் வராது."

"மெஷின்ல ஏறலன்னு அம்மாகிட்ட சொன்னீங்களாம்" என்றாள்.

"அது ஆர்பர் தண்டப் பொறுத்தது. தண்டு பருமனாயிருந்தா சின்ன மெஷின் வாய்க்குள்ள போகாது."

"நம்ம மெஷின் வாய் பத்து மில்லி. மேலயே எழுதியிருக்கு. பத்துக்குள்ள தண்டு உள்ள பெரிய ஆர்பர் இருக்கா அண்ணாச்சி?"

இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டாவது தட்டில் வலப்பக்கம். அறுபட்டைத் தண்டு, மெஷினின் பிடிக்குள் வழுக்காது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டாள். சரியாகக் கேட்டவனுக்குச் சாமானை மறைக்க எனக்கு வரவில்லை. எடுத்து வைத்தேன். அதோடு விட்டேனா? அதில் பூட்டியிருந்த பைலட்டைக் கழற்றி வீசிவிட்டு, நல்ல ஹை ஸ்பீட் பைலட்டாகப் பார்த்து எடுத்தேன். "கூட வருத பைலட் சரியா இருக்காது. பழைய தேக்குல முனை வழுக்கி ஓடும். இது ஓடாது. கல்லு, டைல்ஸ்னா வேற பைலட், முனையில கார்பைடு வச்சது. அது மரத்துக்கு வேண்டாம். கிண்ணத்துப் பல்லத் தாண்டி இவ்வளவு நீட்டிக்கிட்டு நிக்கணும், பாத்துக்கோ. குறைஞ்சா பல்லு முதல்ல பட்டுத் துள்ளும்." ஆணித் திருகை முடுக்கிக் கையில் கொடுத்தேன்.

"யாரு அண்ணாச்சி, புதுப் பார்ட்டியா?" என்றார் ஃபிட்டர்.

"எம் மக" என்றேன். ஆர்பரை எண்ணெய்த் தாளோடு பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. இனிமேல் சொல்ல ஒரு சாக்கு பாக்கியில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, வேலையில் இறங்கினோம். அப்பா போட்ட தேக்குக் கதவு. பூட்டோடு வந்த காகித அளவை மகளே ஒட்டி, நடுவில் ஆணியால் தட்டிக் குறி வைத்திருந்தாள். கதவில் பெரிய ஓட்டை போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டே போனால், கிண்ணம் மறுபக்கம் வெளியே வரும்போது மரத்தைச் சிதறடித்துவிடும். அதனால் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போகும்போது, பைலட் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு மறுபக்கம் போய், அந்தச் சின்ன ஓட்டையில் பைலட்டை வைத்து, அங்கிருந்து வெட்டிவர வேண்டும். இரண்டு வெட்டும் நடுவில் சந்திக்கும். கடையில் இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் ஹோல்சா விற்பதில்லை.

"உள்ள ஒரு ஆள் நின்னு பாக்கணும்" என்றேன். "முனை தெரிஞ்சதும் சத்தம் குடு." மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அது ஆடாமல் இருக்க அடியில் பேப்பரை மடித்துச் செருகினாள். நான் ஹாலில் நின்று மெஷினைப் பிடித்தேன். என் மனைவி துடைப்பத்தோடு தயாராக நின்றாள், மரத்தூள் கீழே விழுவதற்கு முன்னால் பெருக்குகிறவள் மாதிரி.

பைலட் வழுக்காமல் குறியில் இறங்கியது. பிறகு கிண்ணம் கடித்தது. இத்தனை வருஷமான மரத்திலிருந்து புது வாசனை வந்தது. இரண்டு மூன்று தடவை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி விட்டேன். பையில் பூட்டுச் சாவிகள் மூன்றும் ஒரு வளையத்தில் கிடந்தன. எந்தச் சாவியை எடுத்து வைத்துக்கொள்வது என்று அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டு, வந்துட்டு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நிறுத்தி வெளியே எடுத்தேன். வட்ட வெட்டின் நடுவில் பென்சில் கனத்துக்கு ஒரு துளை, அதில் உள்பக்க வெளிச்சம்.

"கதவத் தொற. உள்ள வந்து மிச்சத்த வெட்டுதேன்."

கதவு திறக்கவில்லை. பிறகு, "இந்தப் பக்கத்த நான் வெட்டுதேன்ப்பா. மெஷினத் தாங்க."

"ஏளா, அது கைய முறுக்கிரும்."

"தாங்கப்பா."

கதவைக் கொஞ்சம் திறந்து மெஷினை வாங்கிக்கொண்டாள். மறுபடி சாத்தினாள். பேப்பர் செருகுகிற சத்தம், பிளக் மாட்டுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு கையாலயும் பிடி. பைலட் அந்த ஓட்டையில உக்காந்த பிறகு சுவிட்ச அமுக்கு. பலம் குடுக்காத, அதுவே வெட்டும்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓடவில்லை. "அப்பா, அங்கன நிக்கீங்களா?" என்றாள்.

"நிக்கேன்."

"அங்க எங்க ரூம்ல கொண்டி இருந்துச்சுப்பா. போன கொஞ்ச நாள்லயே அவரு கழத்திட்டாரு. பிறகு பாத்ரூம்லயும் கழத்திட்டாரு. அடிக்கல்லாம் இல்ல. கை நீட்டுனதே இல்ல. ஆனா எந்நேரமும் கதவு தொறக்கும். உங்ககூட போன் பேசுனா தொறக்கும். குளிச்சா தொறக்கும். உறங்குனா தொறந்து, நின்னு பாத்துட்டுப் போவாரு. என்ன பாக்கீங்கன்னு கேட்டா, ஒன்னும் இல்லம்பாரு. எனக்கு அந்தக் கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்து பழகிட்டு."

என் மனைவி துடைப்பத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க நீங்களும் அம்மாவும் மாறி மாறி வந்து பாக்கீங்க" என்றாள் மகள். "எதுக்குப் பாக்கீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. நான் அப்படில்லாம் ஒன்னும் செய்ய மாட்டேன். நீங்க பயப்படுவீங்களேன்னு கண்ண மூடிக்கிட்டு உறங்குத மாதிரி கிடப்பேன். ஆனா கதவு அசைஞ்சா எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சுருது. யாரு தள்ளுதான்னு நெஞ்சுக்குத் தெரியல."

அவன் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றா என்று சண்டை போடத் தோன்றியது. யாரிடம் சண்டை போட? படுத்துக் கிடக்கிறவளுக்குக் கதவு அசைவது மட்டும்தானே தெரியும். என் பயத்துக்கு நான் அவள் கதவைத் திறந்து திறந்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் உறக்கத்தைக் கொடுத்து எங்கள் இருவரையும் நிம்மதியாகப் படுக்க வைத்திருக்கிறாள்.

"வெட்டும்மா" என்றேன்.

மெஷின் ஓடியது. நான் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். மரம் அதிர்ந்தது. பலம் கொடுக்காமல்தான் வெட்டினாள், இடையில் நிறுத்தித் தூளைத் தட்டுவதும் கேட்டது. நான் சொன்னதை எல்லாம் கடையில் நின்று காதில் வாங்கியிருக்கிறாள். சட்டென்று சத்தம் மாறியது. அவள் வெட்டு என் வெட்டைத் தொட்டுவிட்டது. கிண்ணம் வட்ட மரத்துண்டைக் கவ்விக்கொண்டு உள்பக்கம் போக, கதவில் சுத்தமான ஓட்டை விழுந்தது. விளிம்பில் ஒரு சிம்பு கிடையாது. அந்த ஓட்டை வழியே அவள் முகம் தெரிந்தது. புருவத்தில் மரத்தூள். நான் பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. கதவின் ஓரத்தில் பூட்டின் நாக்குக்கு ஒரு சின்ன ஓட்டை, நிலையில் ஒரு தகடு, பிறகு பூட்டு. பொத்தானை அமுக்கிப் பார்த்தேன், கைப்பிடி அசையவில்லை. வெளியே சாவி போட்டுத் திருப்பினேன், திறந்தது. நல்ல பூட்டு.

சாவி வளையத்தை அவள் மேஜையில், கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். மூன்றும் அதில் இருந்தன. என் மனைவி என்னை முறைத்தாள். "ஒன்னாவது..." என்று ஆரம்பித்தாள்.

"ஏளா, அது அவ ரூமு" என்றேன்.

மகள் சாவிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்று சாவி இருப்பதும் அவற்றில் ஒன்று எதற்கு என்பதும் அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். "கொஞ்சம் படுக்கேன்ப்பா" என்றாள். கதவு மூடியது. பொத்தான் அமுங்குகிற சத்தம் கேட்டது.

உண்மையைச் சொன்னால், அடுத்த அரைமணி நேரம் பட்ட பாட்டைப் போல ஒன்றை நான் பட்டதில்லை. அவள் சொன்னதை முழுசாக நம்பினேன். நம்பிக்கொண்டே அந்தச் சாத்தான்குளத்து முற்றத்திலும் நின்றுகொண்டிருந்தேன். ஹாலில் உட்கார்ந்தேன், எழுந்தேன். மெஷினைத் துடைத்தேன். கிண்ணத்துக்குள் மாட்டியிருந்த மரவட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி எடுத்தேன். ஆர்பருக்கு எண்ணெய் தடவினேன், தடவியதையே மறுபடி தடவினேன். என் மனைவி காபி போடப் போகிறவள் மாதிரி எழுந்து, மகள் அறைப் பக்கம் போய், கதவைத் தொடாமல் காதை மட்டும் கொண்டுபோனாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் திரும்பி வந்து என் காதோரம் சொன்னாள். "குறட்டை விடுதா."

நான் நம்பவில்லை. நானும் போய் நின்று கேட்டேன். மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், லேசாக, இழுத்து இழுத்து வந்தது. வேடத்துக்குப் படுத்திருக்கிறவர்கள் குறட்டை விட மாட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பல்லாரி வண்டி திரும்பியது. மினி லாரியில் வெங்காயத்தைக் குவித்து, மேலே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, "பல்லாரி, பல்லாரி, நயம் பல்லாரி" என்று காது கிழிய ஓடவிட்டபடி வருகிற வண்டி. செருப்பைத் தேட நேரமில்லை. வெறுங்காலோடு, வெயில் ஏறிய தார் ரோட்டில் ஓடினேன். வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே, அத அமத்து! பிள்ள உறங்குது."

ஓட்டுகிறவர் பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்தினார். என் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, தெரியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கைப்பிள்ளையா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.